வீல்சேரில் உட்கார்ந்து போன பேக்

போன மாதம் ஒரு காலை வேளையில், கோலாலம்பூரின் செப்பாங் விமான நிலையத்தின் இரண்டாவது டெர்மினலில், செக்-இன் கவுன்டருக்கு முன்னால், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இதுவே ஒரு செய்தி. வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் பேச்சைப் பொறுத்துக்கொள்ளும் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

காரணம், குணா.

குணா பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் செய்கிறார். பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் அவருடையதும் ஒன்று. எழுதி எழுதி இறுகிப்போகிற என் கழுத்தை அவ்வப்போது கொண்டுபோய் அவர் கையில் ஒப்படைப்பேன். வயது நாற்பதை எட்டப் போகிறது. பள்ளியில் படிக்கிற காலத்தில் பார்வை போய்விட்டது. ஆனால் வாய் மட்டும்... எனக்குச் சரியான ஜோடி.

ஒரு நாள் கழுத்தை அழுத்திக்கொண்டே சொன்னார்.

"அக்கா, அடுத்த மாசம் ஒரு வாரம் கடையில இருக்க மாட்டேன். திருச்சிக்குப் போறேன்."

"என்ன விசேஷம்?"

"பொண்ணு பாக்கப் போறேன்."

நான் குப்புறப் படுத்திருந்தேன். சிரிப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"சிரிக்கலாம் அக்கா. நானே முதல்ல சிரிச்சேன். அவளும் சிரிச்சா."

அவள் என்றால் ஜெயந்தி. திருச்சி உறையூரில் வீடு, அங்கேயே ஒரு வங்கியில் வேலை. ஜெயந்திக்கும் பார்வை இல்லை. பார்வையற்றவர்கள் குரல் பதிவுகளாகவே அரட்டை அடிக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் இருவரும் அறிமுகம். முதல் பேச்சே சண்டை. "வார்த்தைக்கு வார்த்தை அந்த மலேசியா லா போடறீங்களே, அது தமிழா?" என்று ஜெயந்தி கேட்க, "வாக்கியத்துக்கு ரெண்டு தடவ ஆக்சுவலி போடறீங்களே, அது தமிழா?" என்று குணா கேட்க... ஒரு வருடமாகச் சண்டை ஓயவில்லை. அந்த மாதிரிச் சண்டை எதில் போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியாதா?

சிக்கல், ஜெயந்தியின் அப்பா. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. மனைவி இல்லாமல் மகளை ஒற்றை ஆளாக வளர்த்தவர். பயந்த மனிதர். "ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாது. நாளைக்கு ஒரு அவசரம்னா யாரு யாரப் பாத்துக்கறது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமில்லாத கேள்வி என்று சொல்லிவிட முடியுமா? பெற்றவருக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். பையன் தனியாக வரட்டும். துணைக்கு யாரும் கூடாது. கோலாலம்பூரில் ஏறி, திருச்சியில் இறங்கி, வீட்டுக் கதவைத் தட்டட்டும். அப்புறம் பேசலாம்.

குணா அதுவரைக்கும் விமானத்தில் ஏறியதே இல்லை.

"நான் வரேன்" என்றேன், எழுந்து உட்கார்ந்து.

"அக்கா, தனியான்னா தனிதான்லா."

"ஏர்போர்ட் வரைக்கும். சும்மா பாக்கத்தான்."

எனக்கு உள்நோக்கம் இருந்தது, மறைக்கவில்லை. கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். முதல் முறையாக விமானம் ஏறப் போகிறாராம். நம் பெரிய ஏர்போர்ட்டில் எங்கே நுழைவது, எங்கே திரும்புவது, எதற்குப் பயப்படுவது, எதற்குப் பயப்பட வேண்டாம் என்று புரிகிற தமிழில் எழுதச் சொன்னார். இதென்ன பிரமாதம் என்று எழுத உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். விசாவைக் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள். ஊறுகாயைப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைக்காதீர்கள்.

அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

எத்தனையோ முறை அந்த ஏர்போர்ட்டில் நடந்திருக்கிறேன். ஆனால் எப்படி நடந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை! முன்னால் போகிற கூட்டத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன், அவ்வளவுதான். முதுகே தெரியாத ஒருவர் எப்படிப் போவார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரும் என்று தோன்றவில்லை.

குணா யோசித்தார். "சரி, வாங்க. ரெண்டு கண்டிஷன். கையப் புடிக்கக்கூடாது. வாயத் தெறக்கக்கூடாது."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா."

அந்தக் காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அவர் நடந்த வேகத்துக்கு எனக்குத்தான் மூச்சு இரைத்தது. தோளில் ஒரு பேக், கையில் வெள்ளைக்கோல். அவருக்குத் தினமும் பழகிய பாதை. ஏர்போர்ட் ரயிலில் ஏறி உட்கார்ந்தோம். கிள்ளான் வாசகி கவனிக்க: இந்த ரயில் முதலில் ஒன்றாவது டெர்மினலில் நிற்கும். பிறகுதான் இரண்டாவது. ஏர்போர்ட் வந்துவிட்டது என்று எல்லாரோடும் சேர்ந்து இறங்கிவிட்டால் பாதிப் பேருக்குத் தலைவலிதான். எந்த டெர்மினல் என்று டிக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

ரயில் வேகம் எடுத்தது. குணா கோலை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். சட்டைக் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அக்கா."

நான் பேசவில்லை. கண்டிஷன்.

"இதுக்கு மட்டும் வாயத் தெறக்கலாம். என் சட்டை என்ன கலரு?"

பார்த்தேன். "ரோஸ்."

"ரோஸா?"

"நல்ல ரோஸ்."

"கடையில மெரூன்னு சொன்னானே அக்கா!" காலரை மறுபடி தடவினார். "ஜெயந்திக்கு என்ன, எதுவா இருந்தாலும் ஒன்னுதான். அவங்க அப்பா பாப்பாரே. முதல் தடவ வரவன் ரோஸ் சட்ட போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான்னு..."

பேக்கில் வேறு சட்டை இருந்தது. மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா? நிதானமாக அவரைப் பார்த்தேன். கறுத்த, அகன்ற முகம். ஒட்ட வெட்டிய முடி. அந்தச் சட்டை அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது. கொஞ்சம் கல்யாண மாப்பிள்ளைக் களைகூட வந்திருந்தது.

"உங்களுக்கு நல்லா இருக்கு குணா. பொய் சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமா."

காலரை விட்டுவிட்டார்.

இரண்டாவது டெர்மினலை உங்களுக்குத் தெரியும். ரயிலை விட்டு இறங்கினால் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் போய் விழுவோம். அதைத் தாண்டித்தான் ஏர்போர்ட்டே வரும். முந்தைய வாரம் ஒரு நண்பரோடு வந்து குணா ஒத்திகை பார்த்திருந்தார். எந்த இடத்தில் தரை வழுவழுப்பாக இருந்து சொரசொரப்பாக மாறுகிறது, எந்த இடத்தில் ஏசி காற்று தலையில் இறங்குகிறது, எல்லாம் மனப்பாடம். "காப்பி பன் வாசன வந்ததும் லெப்ட்ல திரும்பணும். அங்க லிப்ட்" என்று எனக்கு விளக்கிக்கொண்டே நடந்தார்.

காப்பி பன் வாசனை வந்தது. லெப்டில் திரும்பினார்.

லிப்ட் இல்லை. பெட்டிக் கடை. அதாவது சூட்கேஸ் விற்கிற கடை! அந்த வாரம் பார்த்து அங்கே ஒரு தற்காலிக ஸ்டால் போட்டு, அதே பன்னை விற்றுக்கொண்டிருந்தார்கள். என் தலைக்கு மேலே, யானை அளவு எழுத்தில், அம்புக்குறியோடு ஒரு போர்டு. புறப்பாடு, நேராகப் போ. ஐயோ, என் நாக்கு பட்ட பாடு! கடைக்காரப் பெண் வேறு என்னையே பார்க்கிறாள், இந்தம்மா ஏன் சும்மா நிற்கிறாள் என்று.

குணா கோலால் ஒரு சூட்கேஸைத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். சிரித்துவிட்டார்.

"மூக்க நம்பி மோசம் போனேன்லா."

அவ்வளவுதான். பதறவில்லை. காலடிச் சத்தம் கேட்கும் பக்கம் திரும்பி, "பாஸ், செக்-இன் எந்தப் பக்கம்?" என்று மலாயில் கேட்டார். போய்க்கொண்டிருந்த ஒரு மனிதர் நின்றார். அன்பாகத்தான் பதில் சொன்னார். "சானா, சானா" என்று. அங்கே, அங்கே என்று. விரலை நீட்டி!

"விரல நீட்டுறீங்களா பாஸ்? அது எனக்கு யூஸ் இல்ல. லெப்டா, ரைட்டா?"

அந்த மனிதர் தன் விரலைத் தானே பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்து, தன் முழங்கையைக் கொடுத்து, லிப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போனார்.

இதையும் கிள்ளான் வாசகி குறித்துக்கொள்ளட்டும். ஏர்போர்ட்டில் வழி கேட்பது அவமானம் இல்லை. கண் இருக்கிற நாம்தான் கேட்கமாட்டோம். போர்டைப் பார்த்து, தப்பாகப் புரிந்துகொண்டு, ஒரு மைல் நடந்து, திரும்பி வந்து, யாரும் பார்க்கவில்லையே என்று சந்தோஷப்படுவோம். என் வீட்டுக்காரர் இதில் பட்டமே வாங்கியவர்.

கவுன்டருக்கு வந்தோம். இங்கேதான் உண்மையான சோதனை.

கவுன்டரில் ஒரு தமிழ்ப் பெண். துறுதுறுவென்று இருந்தாள். குணா பாஸ்போர்ட்டை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆன்டி, இவரு எங்க போறாரு?"

நான் மேலே கூரையைப் பார்த்தேன்.

"திருச்சிக்கு" என்றார் குணா.

"இவருக்கு விண்டோ சீட் வேணுமா ஆன்டி?"

கூரையில் விளக்குகள் நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

"ஐல் சீட் குடும்மா" என்றார் குணா. "ஜன்னல் சீட்ட யாராவது கண்ணு தெரியறவங்களுக்குக் குடு, பாவம்."

அவள் குழம்பிப் போனாள். "ஆன்டி, நீங்க கூட வர்லியா?"

"அவங்க வர்ல. அவங்க பத்திரிகையில எழுதறவங்க. சும்மா வேடிக்க பாக்க வந்திருக்காங்க. பேசமாட்டாங்க. நீ என்கிட்ட பேசும்மா."

அப்போதுதான் அவள் முதல் முறையாகக் குணாவின் முகத்தைப் பார்த்தாள். "சாரி அண்ணே" என்றாள். நல்ல பெண். ஆனால் அவள் கையில் எதுவும் இல்லை. தனியாகப் போகிற பார்வையற்றவர் என்றால் உதவிக்கு ஒரு ஊழியர் வருவார், அது சரி. ஆனால் உதவி என்றால் வீல்சேர். வீல்சேரில் உட்கார்ந்தால்தான் உதவி. அதுதான் அவர்களுடைய வழக்கமாம். எந்த விமான நிறுவனம் என்று கேட்காதீர்கள். எல்லா ஊரிலும், எல்லாக் கவுன்டரிலும் இதே கதைதான் என்று குணாவின் சிநேகிதர்கள் சொல்கிறார்கள்.

"எனக்குக் காலு நல்லாத்தானே இருக்கு?" என்றார் குணா.

"தெரியுது அண்ணே. ஆனா ப்ரொசீஜர்..."

"போன்ல கேட்டப்போ, ஆள் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னுதானே சொன்னீங்க? நான் அவரு முழங்கையப் புடிச்சுக்கிட்டு நடப்பேன். அவ்வளவுதான் வேணும்."

சூப்பர்வைசர் வந்தார். மலாய்க்காரர், மரியாதையாகப் பேசினார். கைகளை விரித்து, "தக் போலே லா, பாஸ்" என்றார். முடியாது. நடக்கும்போது விழுந்து அடிபட்டால் பொறுப்பு யாருடையது? ஒன்று, வீல்சேரில் உட்கார வேண்டும். அல்லது துணைக்கு ஒருவர் டிக்கெட் எடுத்துக் கூட வர வேண்டும்.

துணைக்கு ஒருவர்.

குணா சட்டென்று என் பக்கம் திரும்பவில்லை. என் பாஸ்போர்ட் வீட்டில் இருந்தது. இருந்திருந்தாலும் என்ன பயன்? நான் ஏறினால் அவர் தோற்றார். ஏறாவிட்டால் அவர் போக முடியாது. பின்னால் வரிசை வேறு நீண்டுகொண்டே போனது. யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

'உட்கார்ந்துவிடுங்களேன் குணா, கொஞ்ச நேரம்தானே' என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. இதில் என்ன இருக்கிறது? உட்கார்ந்து போனால் என்ன, நடந்து போனால் என்ன?

அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ நாளாக நான் பார்க்கிற முகம். அதில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. இந்த மாதிரிப் பேச்சை ஆபீஸ், பேங்க் என்று எத்தனை கவுன்டரில், எத்தனை பேரிடம் பேசியிருப்பார் என்று தோன்றியது. நல்ல கால்களை வைத்துக்கொண்டு, யாரோ தள்ள, நாலு பேர் பரிதாபமாகப் பார்க்க, ஜெயந்தியைப் பெண் கேட்கப் போவதா? தனியாக வா என்று சொன்ன அவள் அப்பா முன்னால், வீல்சேரில் வந்தேன் என்று போய் நிற்பதா?

ஒரு சுமைதூக்கும் தள்ளுவண்டி மாதிரி லேசான சத்தம். வீல்சேரோடு ஒரு ஊழியர் வந்து நின்றார். தமிழர்தான், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தொப்பையும் சிரிப்புமாக.

குணா கையை நீட்டி வீல்சேரைத் தடவினார். சீட், கைப்பிடி, பின்னால் தள்ளுகிற பிடி. யோசித்தார்.

பிறகு தோளிலிருந்த பேக்கைக் கழற்றி, சீட்டில் உட்கார வைத்தார். பெல்ட்டை எடுத்து அதற்கு மாட்டினார். பின்னால் போய், பிடியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓகே பாஸ். வீல்சேர் வந்தாச்சு. ஆள் உக்காந்தாச்சு. நான் கூட நடந்து போறேன். ப்ரொசீஜர் சரியா?"

சூப்பர்வைசர் பேக்கைப் பார்த்தார். குணாவைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். கவுன்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்குப் பின்னால் உச்சுக் கொட்டியவர் இப்போது எட்டிப் பார்த்தார்.

தொப்பைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "நான் ஒரு பக்கம் புடிக்கிறேன், இவரு ஒரு பக்கம் புடிக்கட்டும் பாஸ். இத்தன வருஷத்துல நான் தள்ளினதுலயே லேசான பேசஞ்சர் இதுதான்."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு முடியாது என்று சொல்வது யாருக்குமே கஷ்டம். "போங்க, போங்க" என்று கையை ஆட்டினார்.

பயணிகள் மட்டுமே போகக்கூடிய வாசல் வந்தது. குணா நின்று, திரும்பினார்.

"அக்கா, இப்ப பேசலாம்."

அத்தனை நேரம் அத்தனை பேச்சை அடக்கி வைத்திருந்தேன். "பத்திரம்" என்றேன். அவ்வளவுதான்.

பேக் உட்கார்ந்து போனது. குணா நடந்து போனார். ரோஸ் சட்டை கூட்டத்தில் மறையும்வரை நான் அங்கேயே நின்றேன்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் அவர் விமானம் ஏறும் கேட்டில் உட்கார்ந்து அனுப்பிய குரல் பதிவில் எனக்குத் தெரிந்தது. சுபாங் ஜெயாவில் என் வீட்டுச் சமையலறையில், அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

"அக்கா, இமிகிரேஷன்ல தானாத் தொறக்கற ஆட்டோகேட் இருக்குல்ல, அது கேமராவப் பாருன்னு சொல்லுது. எங்க இருக்குன்னு சொன்னாத்தானே பாப்பேன்? நம்ம வீல்சேர் அண்ணன் விரல் முட்டியால கேமரா பக்கத்துல டொக்கு டொக்குன்னு தட்டினாரு. சத்தம் வந்த பக்கம் மொகத்தத் திருப்பினேன். கேட் தொறந்துக்கிச்சு. அப்புறம் எல்லா சென்ட்டும் ஒன்னா மூக்குல அடிச்சுது. டியூட்டி ஃப்ரீயாம். பர்ஸ இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். அதத் தாண்டினா ஒரு பெரிய பாலம் அக்கா. பாலம்னு யாரும் சொல்லல, எனக்கே தெரிஞ்சுது. காலடிச் சத்தம் மாறிடுச்சு. கீழ ஒன்னும் இல்லாத மாதிரி ஒரு சத்தம். அண்ணன் சொன்னாரு, கீழ ப்ளேன் நிக்குதுன்னு. நான் ப்ளேனுக்கு மேல நடந்துட்டேன் அக்கா, இன்னும் ப்ளேன்லயே ஏறல!"

எத்தனை முறை அந்தப் பாலத்தில் நடந்திருக்கிறேன்? செல்போனைப் பார்த்துக்கொண்டே.

பதிவின் பின்பாதியில் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. தொப்பைக்கார அண்ணன் அவரைக் கேட்டில் உட்கார வைத்துவிட்டு, "வந்து ஏத்தி விடறேன்" என்று வேறு ஆளைத் தள்ளப் போய்விட்டார். நேரம் போனது. வரவில்லை. மறந்துவிட்டாரோ? கேட்டை மாற்றிவிட்டார்களோ? சுற்றிலும் சத்தம், ஆனால் தனக்கான சத்தம் எது என்று தெரியவில்லை. "உண்மையாச் சொல்றேன் அக்கா, அப்பத்தான் பயந்தேன்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல். "அண்ணே, இது திருச்சி போற கேட்டுதானே?"

செலாயாங் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிற தொழிலாளி. புதுக்கோட்டைப் பக்கம். மலேசியா வந்து பல வருடம் கழித்து முதல் முறையாக ஊருக்குத் திரும்புகிறார். யாரிடம் கேட்பது என்று தெரியாமல், முகம் பார்த்துத் தமிழராகத் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறார். வெள்ளைக்கோல் மடித்து மடியில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"எனக்கும் அதே டவுட்டுதான் பாஸ்" என்றாராம் குணா. "வாங்க, ரெண்டு பேரும் சேந்து போய்க் கேப்போம்."

சேர்ந்து போய்க் கேட்டார்கள். சரியான கேட்தான். கொஞ்ச நேரத்தில் தொப்பைக்கார அண்ணனும் மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டார்.

பதிவு முடிந்தது. அப்புறம் அன்று முழுக்கச் செய்தி இல்லை. நான் பார்த்த திசையெல்லாம் போன்தான். மறுநாள் காலையில் ஒரே ஒரு வரிக் குரல். "திருச்சி வந்து சேந்துட்டேன் அக்கா, மத்தத நேர்ல சொல்றேன்."

இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது?

அடுத்த வாரம் அவர் ஊர் திரும்பியதும் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினேன். கழுத்து வலிக்கவே இல்லை. இருந்தாலும் படுத்துக்கொண்டேன்.

திருச்சியில் வெளியே வந்ததும், ஒரு டாக்சியைப் பிடித்து உறையூர் போய்க் கதவைத் தட்டுவதுதான் குணாவின் திட்டம். வாசலில் ஒரே இரைச்சல். டாக்சி, டாக்சி என்று பத்துப் பேர் கூப்பிடுகிறார்கள். நடுவில் ஒரு இருமல் கேட்டது.

"அக்கா, ஒரு வருஷமா ஜெயந்திகிட்ட போன் பேசறேன். பேசும்போதெல்லாம் பின்னாடி ஒரு இருமல் கேக்கும். ரெண்டு சின்ன இருமல், ஒரு கனைப்பு. மகளுக்குத் தெரியாம மனுஷன் கூடவே நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு! அந்த இருமல் எனக்கு நல்லாத் தெரியும்."

உடனே கையைக் கூப்பி, "வணக்கம் மாமா" என்றாராம்.

"மாமாவா? டாக்சி வேணுமா, வேணாமா?" என்றது இருமல்.

டாக்சி டிரைவர்!

குணாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. சரி என்று டாக்சிக்குப் பேரம் பேச ஆரம்பித்தார். அப்போது பின்னாலிருந்து... ரெண்டு சின்ன இருமல், ஒரு கனைப்பு. இந்த முறை அவசரப்படவில்லை. பேரத்தை முடித்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"மாமா, உறையூருக்குத்தான் டாக்சி பேசியிருக்கேன். நீங்களும் அந்தப் பக்கம்தான்னா, ஏறிக்கலாம்."

இந்த முறை சரியான ஆள், ஜெயந்தியின் அப்பாவேதான். காலையிலேயே வந்து அங்கே நின்றிருக்கிறார் அந்த மனிதர். கண்ணாடிக் கதவு வழியாக, பையன் எப்படி வருகிறான் என்று பார்க்க. விழுந்துவிடுவானோ, திண்டாடுவானோ, திண்டாடினால் ஓடிப்போய்ப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

"கையப் புடிச்சாரு அக்கா. 'தம்பி, எப்படிப்பா கண்டுபுடிச்ச?'ன்னாரு. இருமல்னு சொல்ல முடியுமா? அவரு ஒட்டுக் கேட்டது எனக்குத் தெரியும்னு ஆயிடும்ல? 'சும்மா தோணுச்சு மாமா'ன்னு சொல்லிட்டேன்."

டாக்சியில் போகும்போதே அவர் தன் பயத்தையெல்லாம் கொட்டிவிட்டாராம். நான் போன பிறகு இவளுக்கு யாரு என்று. வீடு வந்து இறங்கும்போது பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே போனதும் மகளைக் கூப்பிட்டு, "எனக்குச் சம்மதம்மா" என்று சொல்லிவிட்டார்.

நான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "அப்ப கல்யாணம் எப்ப?"

குணா துண்டை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"அப்பாவுக்குச் சம்மதம். ஜெயந்தி இன்னும் சொல்லல."

"என்னது?"

"'எங்கப்பா உங்கள சோதிச்சுட்டாரு. நான் இன்னும் சோதிக்கலையே'ங்கறா. பேங்க் வேலைய விட்டுட்டு வரணும்னா, எந்த ஊருக்கு வரேன்னு அவளுக்குத் தெரியணுமாம். பிரிக்பீல்ட்ஸ் ரோட்டுல அவளால தனியா நடக்க முடியுதா, இங்க அவளுக்கு என்ன வேல கெடைக்கும், எல்லாம் அவளே பாக்கணுமாம். லீவு போட்டு வரா. தனியா. ஏர்போர்ட்டுக்கு யாரும் வரக்கூடாதாம். நானும்தான்."

சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இந்தப் பெண்ணை எனக்கு இப்போதே பிடித்துவிட்டது.

ஆனால் குணாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவள் எந்த டெர்மினலில் இறங்குவாள், ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் லிப்ட் பக்கம், அந்தப் பன் ஸ்டால் இன்னும் அதே இடத்தில்தான் இருக்குமா... என்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அக்கா, அவ வர அன்னைக்கு நீங்க ப்ரீயா? சும்மா அரைவல் ஹால்ல ஒரு ஓரமா நின்னு, அவ சரியா வராளான்னு பாத்து, எனக்கு ஒரு மெசேஜ் மட்டும்... அவளுக்குத் தெரிய வேணாம்."

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். 'தக் போலே லா' என்று நன்றாக இழுத்தே சொன்னேன்.

காதலிக்கிற வரைக்கும்தான் ஒருவர் காதலர். கவலைப்பட ஆரம்பித்துவிட்டால், எல்லாரும் மாமனார்தான்!